தொங்கும் கார் கதவு: முதலில் கீலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்திற்கு முன்பாகக் கார்களில் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டயர், வைப்பர், பேட்டரி, பிரேக் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் தேவையானவையே. ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலையொட்டிக் குடியிருப்போரின் பழைய கார்களில் பரவலாகக் காணப்படுகிற ஒரு குறையைக் கட்டுரை தொடவில்லை. கதவு தொங்கிப்போவதைத்தான் சொல்கிறேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவை லேசாகத் தள்ளினால் சாத்திக்கொள்ளாமல், தூக்கிப் பிடித்தோ ஓங்கி அறைந்தோ மூட வேண்டிய நிலையில் எத்தனையோ கார்கள் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உரிமையாளர்கள் அதைப் பழைய வண்டியின் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டு விட்டார்கள். அது சுபாவம் அல்ல, சரிசெய்யக்கூடிய பழுது. பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே, சாதாரணக் கருவிகளைக் கொண்டே சரிசெய்யக்கூடிய பழுது.

நான் பேருந்துப் பணிமனை ஒன்றின் பாடிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் தங்கள் கார்களின் கதவுகளைக் காட்டி யோசனை கேட்கும்போதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். கதவின் குறை கீலில் இருக்கிறது. ஆனால் வேலை செய்யப்பட்டிருப்பதோ பூட்டில். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று வண்டியைப் பட்டறையில் விட்டால், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள நடுத் தூணில் திருகப்பட்டிருக்கும் பூட்டு வளையத்தை, அதாவது ஸ்ட்ரைக்கரை, திருகைத் தளர்த்திச் சுத்தியலால் தட்டிக் கீழே இறக்கிவிட்டு, கதவு இப்போது சாத்துகிறது பாருங்கள் என்று கொடுத்துவிடுகிறார்கள். வீட்டின் மரக் கதவு தரையில் உரசினால், தளர்ந்த கீலைப் பார்க்காமல் கதவின் அடியை இழைத்துவிடுவதற்கு ஒப்பானது இது. அன்றைக்குக் கதவு மூடும். கீலின் தேய்மானம் தொடர்ந்துகொண்டே இருப்பதால் சில மாதங்களில் மறுபடியும் உரசும். அப்போது ஸ்ட்ரைக்கரை இன்னும் கீழே இறக்க இடம் இருக்காது.

எங்கள் தெருவில் ஒரு காரை அண்மையில் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் அதன் பழைய இடத்திலிருந்து நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. முன்பு அது உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் வேறு நிறத்தில், புதிதுபோல் தெரிந்தது. அப்படி இறக்கியும் போதாமல், அந்த வளையத்தின் மேற்புறம் பூட்டு ஏறி ஏறி உரசியதில் வெள்ளிபோல் பளபளத்துக் கிடந்தது. கதவைத் திறந்து மேல் கீலைப் பார்த்தால், கீலாணியைச் சுற்றிலும் கருஞ்சிவப்புப் பொடி, பழைய கிரீஸோடு குழைந்து ஒட்டியிருந்தது. அந்தப் பொடி, ஆணியும் அது சுழல்வதற்காக அதைச் சுற்றிப் பொருத்தப்பட்டிருக்கும் சிறு குழலான புஷ்ஷும் தேய்ந்து உதிர்ந்தது. காரணத்தை வண்டியே கண்ணுக்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஸ்ட்ரைக்கரை நகர்த்துவது பயனற்ற வேலை என்பதோடு நின்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அது ஆபத்தான வேலை. கார் கதவின் பூட்டு இரண்டு நிலைகளில் பிடிக்கிறது. முதலில் கேட்கும் சத்தம் பாதிப் பூட்டு. அடுத்துக் கேட்பதே முழுப் பூட்டு. கதவுப் பூட்டுகளுக்கும் கீல்களுக்குமென்றே ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகளில் 11 ஆம் எண் ஒழுங்குமுறை தனியாக உள்ளது. அமெரிக்காவின் 206 ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரம் முழுப் பூட்டு நிலையில் நீளவாட்டில் 11,000 நியூட்டன் விசையைப் பூட்டு தாங்க வேண்டும் என்கிறது. அது ஏறத்தாழ 1,100 கிலோ எடைக்குச் சமம். பாதிப் பூட்டு நிலைக்கோ 4,450 நியூட்டன் மட்டுமே, அதாவது சுமார் 450 கிலோ. தொங்கிய கதவு மூடியதுபோலத் தோன்றிக்கொண்டே பாதிப் பூட்டில் நின்றுவிடுவது மிக எளிது. கடலூர் – புதுச்சேரி சாலையில், பின்னிருக்கையில் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு செல்லும் ஒரு குடும்பம், பாதிக்கும் குறைவான பிடிமானத்தை நம்பிப் பயணம் செய்கிறது என்பதே இதன் பொருள். மோதல் நேர்ந்தால் மனிதர்களை வண்டிக்குள்ளேயே வைத்திருக்கும் பொறுப்பில் கதவுக்கும் பங்கு உண்டு. கதவின் எடையைத் தாங்க வேண்டியவை கீல்கள். ஸ்ட்ரைக்கர் கதவைப் பிடித்து வைக்க வேண்டியதே தவிர, தூக்கி நிறுத்த வேண்டியதன்று.

நம் ஊரில் கதவுகள் ஏன் சீக்கிரமே தொங்குகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. உப்புக் காற்று முதல் காரணம். கீலாணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே கிரீஸ் வற்றிவிட்டால், துரு நுழைந்து உராய்வுப் பொடியாகி, திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் அரைக்கிறது. அடுத்தது காற்றின் வேகம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், காற்று உள்ளே புகுந்து கதவைக் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக வீசுகிறது. கீலும் கதவைப் பாதியில் நிறுத்தும் தடுப்புப் பட்டையும் அந்த அடியை வாங்குகின்றன. வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசை நோக்கி நிறுத்தினால் இதைத் தவிர்க்கலாம். வீட்டுப் பெரியவர்கள் இறங்கும்போது திறந்த கதவின் மேல்விளிம்பைப் பற்றி முழு எடையையும் அதில் போட்டு எழுவது மற்றொரு காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபோது கைக்கு எட்டுவது அதுதான். கூட வருபவர் ஒரு கையை நீட்டினால் கீலும் பிழைக்கும், பெரியவரும் பத்திரமாக இறங்குவார்.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற கார்களின் எஞ்சினைப் பார்த்தார்கள், இருக்கைகளைக் காயவைத்தார்கள். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வெளியேறுவதற்கென்று இருக்கும் சிறு துளைகளில் வண்டல் அடைத்துக்கொண்டதைப் பலர் பார்க்கவில்லை. அத்துளைகள் அடைபட்டால், கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கிக் கதவின் எடையையும் கூட்டுகிறது, அடித்தகட்டையும் அரிக்கிறது. ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிட்டாலே துளை திறந்துகொள்ளும்.

சிறிய தேய்மானம் எப்படிப் பெரிய தொங்கலாகிறது என்பதை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்றும், கதவின் நீளம் 1 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கீலில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் கதவின் பூட்டு முனை இரண்டரை மி.மீ. கீழே இறங்கும். கீலருகே கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், பூட்டருகே கதவு சாத்தாத அளவுக்குப் பெருகிவிடுகிறது. குறை பூட்டில்தான் என்று எல்லோரும் நினைப்பதற்கு இதுவே காரணம்.

வீட்டில் சோதிக்கும் முறைக்கு வருகிறேன். வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் கதவை மூடிய நிலையில் சற்றுத் தள்ளி நின்று இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். முன் கதவின் பின்முனை தொங்கியிருந்தால், கதவுக்கும் முன் ஃபெண்டருக்கும், அதாவது முன் சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகட்டுக்கும், இடையிலுள்ள சந்து மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். பின்கதவை ஒட்டிய சந்தில் இது தலைகீழாக, மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் தெரியும். பக்கவாட்டில் ஓடும் பாடிக் கோடு இரண்டு கதவுகளும் சந்திக்குமிடத்தில் ஒரு படி இறங்கியிருக்கும். பிறகு கதவைப் பாதி திறந்து, பூட்டுள்ள முனையின் அடியில் இரு கைகளையும் கொடுத்து மெல்ல மேலே தூக்கி இறக்க வேண்டும். உதவிக்கு இருப்பவர் அப்போது மேல் கீலிலும் கீழ்க் கீலிலும் மாறி மாறி விரலை வைத்திருந்தால், எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும். கீலின் இரு பட்டைகளும், அதாவது தூணிலும் கதவிலும் பொருந்தியிருக்கும் அதன் இரு பாதிகளும், ஆணியில் தளர்ந்து ஆடினால் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. பட்டை மொத்தமாகவே கீல் பொருந்தியிருக்கும் தூணைவிட்டு அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. தூணின் தகடே பட்டையோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல் உள்ளே வெளியே அசைந்தால், தகடு விரிசல் விட்டிருக்கிறது அல்லது துருவேறி இற்றுவிட்டது. எங்குமே ஆட்டமில்லை, ஆனாலும் கதவு தொங்குகிறது என்றால், பட்டையோ தூணோ எப்போதோ வளைந்திருக்கிறது, அல்லது கீல் தன் இடத்தைவிட்டு நகர்ந்த நிலையிலேயே இறுக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்ட்ரைக்கரின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு அதைக் கழற்றி வைத்து, கதவைக் கையாலேயே மெல்ல மூடிப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் தூணுக்குள் இருக்கும் நட் தகடு நழுவி உள்ளே விழக்கூடும் என்பதால், கழற்றும்போது எச்சரிக்கை தேவை. ஸ்ட்ரைக்கர் இல்லாதபோது கதவு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் கீல்கள் அதற்குக் கொடுத்திருக்கும் உண்மையான இடம். ஸ்ட்ரைக்கர் இருக்கும்போது சரியாகத் தெரிந்த கதவு அதை எடுத்ததும் இறங்கிப்போனால், இதுவரை கதவைச் சுமந்துகொண்டிருந்தது பூட்டு என்பதில் ஐயமில்லை.

போல்ட் தளர்ந்திருந்தால் சரியான அளவு ஸ்பேனரால் இறுக்குவதோடு வேலை முடிகிறது. ஆனால் தொங்கிய நிலையிலேயே இறுக்கினால் கதவு அப்படியே நின்றுவிடும் என்பதால், முதலில் கதவைத் தூக்கி நிறுத்த வேண்டும். முன் கதவுக்கு இருபது கிலோவோ அதற்கு மேலோ எடை இருக்கும். கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்ய இயலாது. ஜாக்கியைத் தரையில் வைத்து, அதன் தலைமேல் அகலமான பலகைத் துண்டும், பலகையின் மேல் மடித்த சாக்கும் வைத்து, பூட்டு முனைக்கு அருகே கதவின் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைத்தால் கதவின் அடிவிளிம்பு நசுங்கிவிடும். ஃபெண்டரின் ஓரத்திலும் பின்கதவின் ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பெயின்ட் சிராயாது. ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜாக்கியின் மேல் நிற்கும் கதவு பக்கவாட்டில் சாய்ந்துவிடக்கூடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கீல் பட்டையைச் சுற்றியும் பென்சில் கோடு போட்டுக்கொண்ட பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில், தூணில் இருக்கும் போல்ட்டுகள் கதவை முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்த இடம் தருகின்றன. கதவில் இருக்கும் போல்ட்டுகள் உள்ளே வெளியே நகர்த்த உதவுகின்றன. பின்முனை மட்டும் தொங்கியிருந்தால், மேல் கீலின் தூண் போல்ட்டுகளை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஜாக்கியை மெல்ல ஏற்றினால், கதவின் மேற்பகுதி முன்பக்கமாக நகர்ந்து பின்முனை எழும். கதவு முழுவதுமே ஒரே அளவில் இறங்கியிருந்தால்தான் இரண்டு கீல்களையும் தளர்த்த வேண்டும். அப்போதும் போல்ட்டுகளை முழுவதும் கழற்றவே கூடாது. எடை இறங்கியதும் கதவு ஒரு நூல் அளவு கீழே உட்காரும் என்பதால் அதற்கும் சேர்த்துச் சற்றுக் கூடுதலாகத் தூக்கி இறுக்குவது அனுபவத்தில் கற்ற வழக்கம். சில கார்களில் முன் கதவின் தூண் போல்ட்டுகளை எட்டுவதற்கு ஃபெண்டரையே கழற்ற வேண்டியிருக்கும். அத்தகைய வண்டிகளில் வீட்டு வேலை இந்த இடத்தோடு நின்றுவிடுவது நல்லது.

புஷ் தேய்ந்திருந்தால் எந்தப் போல்ட்டை நகர்த்தியும் பயனில்லை. புஷ்ஷையும் ஆணியையும் மாற்ற வேண்டும். ஜாக்கியின் முட்டில் கதவை நிறுத்தி, ஒரு கீலின் வேலையை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்த கீலின் ஆணியைத் தட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் கதவு கையோடு வந்துவிடும், உள்ளே செல்லும் மின்கம்பிகளும் அறுந்துபோகும். பவர் விண்டோ உள்ள வண்டிகளில் தொடங்கும் முன்னரே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு. கடைகளில் புஷ் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு, பழைய ஆணியையும் கீலையும் கொண்டுபோய்க் கொடுத்தால் லேத் பட்டறையில் பித்தளைப் புஷ் கடைந்து தருவார்கள். 2014 இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை இன்னும் பேணிப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் இந்த வழியில்தான் தங்கள் வண்டிகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களுடைய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவை எல்லாம் முடிந்து, கதவு தன் கீல்களின் பலத்திலேயே சரியான உயரத்தில் நின்ற பிறகுதான் ஸ்ட்ரைக்கருக்கு வர வேண்டும். ஏற்கெனவே யாராவது அதை இறக்கியிருந்தால், தூணில் தெரியும் பழைய பெயின்ட் அடையாளத்திற்கே அதைத் திருப்பி ஏற்றலாம். அதன்மேல் லேசாகக் கிரீஸ் தடவிக் கதவை மெல்ல மூடித் திறந்தால், பூட்டின் வாய் எந்த இடத்தில் தொடுகிறது என்பது கிரீஸில் பதிந்துவிடும். வாய் நடுவில் நுழைய வேண்டும். கதவு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பிறகு கதவின் வெளிமுகம் பின்கதவோடு ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஸ்ட்ரைக்கரை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி இறுக்க வேண்டும். சுற்று ரப்பர் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க, ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக வந்தால் மழைநீர் உள்ளே வராது. எங்கேனும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில்தான் ஒழுகும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிட வேண்டும். கீலின் இடுக்கில் மரக்கட்டையைச் செருகிவிட்டுக் கதவை வலிந்து மூடி வளைப்பதும், கடப்பாரையால் நெம்புவதும், கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக் கதவைத் தூக்குவதும் பட்டறைகளில் இன்றும் நடக்கின்றன. கதவு அந்த நிமிடமே மேலே வந்துவிடுவதால் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் வளைவது கீல்தானா, தூணின் தகடா, கதவின் தகடா என்று நெம்புகிறவருக்கே தெரியாது. பெயின்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் போதும், அதன் வழியே உப்பு உள்ளே இறங்கிவிடும். கீல்கள் போல்ட் இல்லாமல் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும் வண்டிகளில் அளந்து வளைப்பது ஒன்றே வழியாகும்போதும், அதை அதற்குரிய கருவியோடு, தேர்ந்த டிங்கர்தான் செய்ய வேண்டும். தூணின் தகடு இற்றுப்போன வண்டியையும், விபத்தில் அடிபட்ட வண்டியையும், கதவுக்குள் ஏர்பேக் உணரிகள் உள்ள புதிய வண்டியையும் வீட்டில் தொடாதிருப்பதே முறை.

வேலை முடிந்த பிறகு பராமரிப்பு மிகச் சிறியது. கீல்களைத் துடைத்து, மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் கிரீஸோ எண்ணெயோ இட்டால், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் காரின் கீலும் நெடுநாள் உழைக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனை முறையைப் படங்களோடு தங்கள் வாகனப் பகுதியில் வெளியிட்டால், பட்டறைக்குப் போவதற்கு முன்பே உரிமையாளர் தம் வண்டியின் குறை எங்கே என்று அறிந்துகொள்வார். ஸ்ட்ரைக்கரை மட்டும் தட்டி அனுப்புகிறவரிடம், கீலைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்பார். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களைக் கொண்டு, மழைக்காலத்திற்கு முன் ஒரு நாள் பொதுமக்களின் கார் கதவுகளைச் சோதித்துத் தர முன்வந்தால், மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சி; ஊருக்கும் நன்மை. உதிரிபாகக் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். புஷ் கேட்டு வருகிறவர்களிடம், முழுக் கீலையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், நம் ஊரில் அதிகம் ஓடும் பழைய கார்களுக்கான கீலாணியையும் புஷ்ஷையும் தனியாக இருப்பு வைத்து விற்க வேண்டும். அவை கிடைக்காததால்தான் பலர் ஸ்ட்ரைக்கரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனைப் பணியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.